கரையோரத் தோட்டத்தில் ஓடில்லா நத்தை: உப்பைத் தொடாமல் செடிகளைக் காக்கும் வழி

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது எங்கள் வீட்டுத் தோட்டம். சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழை பிடித்த மூன்றாம் நாள் காலையில் கத்திரி நாற்றங்காலைப் பார்க்கப் போனேன். முந்தின நாள் மாலை வரை நான்கு இலை விட்டு நிமிர்ந்து நின்ற நாற்றுகளில் பாதிக்கு மேல் வெறுங்குச்சியாக நின்றன. சிலவற்றின் தண்டே மண்மட்டத்தில் அறுபட்டிருந்தது. பாத்தியைச் சுற்றி அடுக்கியிருந்த செங்கல்லின் மீது, பசையை விரலால் இழுத்துக் காயவிட்டாற்போல் வெள்ளிக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. பக்கத்து வீட்டு அப்பத்தா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "நத்தை மேஞ்சிருக்கு தாயி. கல்லுப்பை அள்ளித் தூவு, சுருண்டுரும்" என்றார்.

அவர் சொன்னபடியே நத்தைகள் சுருண்டன. ஆனால் மழையில் கரைந்த உப்பை மறுநாளும் அதற்கு மறுநாளும் மீண்டும் தூவி, பத்து நாளில் இரண்டு படிக்கு மேல் அந்தச் சிறு பாத்தியில் கொட்டியிருந்தேன். மழை இடைவெளி விட்டு மண் காய்ந்ததும் மேலே வெண்பூப்புப் பூத்தது. எஞ்சியிருந்த நாற்றுகளின் இலைநுனி கருகியது; அடுத்து விதைத்த தண்டுக்கீரையும் திட்டுத் திட்டாகத்தான் முளைத்தது. நத்தை எடுத்ததைவிட நான் போட்ட உப்பு எடுத்தது அதிகம். வாலிநோக்கம் உப்பளம் இருக்கும் மாவட்டத்தில் உப்புக்குப் பஞ்சமில்லை என்பதால், இங்கே யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்லும் மருந்து இதுவாகவே இருக்கிறது. ஆகவே, உப்பை மண்ணில் போடாமலேயே நத்தையைக் கட்டுப்படுத்துவது எப்படி என்பதை, நான் செய்து பார்த்துத் தெளிந்த வரிசையில் எழுதுகிறேன்.

உப்பு ஏன் கூடாது என்பதற்கு இன்னும் ஒரு காரணம் உண்டு. உப்புப் பட்டதும் நத்தையின் உடலிலுள்ள நீர் தோல் வழியே வெளியே இழுக்கப்படுகிறது. அதனால்தான் அது சாகிறது. செடியின் வேருக்கும் உப்பு செய்வது இதே வேலையைத்தான்: மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாமல் போகிறது. மணற்பாங்கான நம் மண்ணில் உப்பு மழையோடு கீழே இறங்கிவிடும் என்று ஆறுதல் கொள்வதற்கும் இல்லை. ஏனெனில் கரையோரத்தில் நாம் இறைக்கும் ஊற்று நீர் என்பது, கீழே கிடக்கும் உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும் மழைநீர்தான். அதில் மேலும் உப்பைச் சேர்ப்பது நம் கிணற்றுக்கே கேடு.

எதை எதிர்கொள்கிறோம்

கரையோரத்தில் அட்டை என்றால் முதலில் கடல் அட்டைதான் நினைவுக்கு வரும். தோட்டத்தில் ஊரும் ஓடில்லா நத்தையையும் சிலர் அட்டை என்றே சொல்கிறார்கள். இது கடல் அட்டைக்கு உறவன்று. கீழக்கரையில் முத்துக்குளிப்போர் காலத்திலிருந்து எடுக்கப்பட்டுவரும் சங்குக்குத்தான் இது தூரத்துச் சொந்தம். சங்கு, நத்தை, ஓடில்லா நத்தை ஆகிய மூன்றும் வயிற்றையே காலாக்கி ஊரும் மெல்லுடலிகள். காலப்போக்கில் ஓட்டை இழந்துவிட்டது ஓடில்லா நத்தை. ஓடு இல்லாததால் உடலின் ஈரத்தைக் காத்துக்கொள்வதே அதன் வாழ்நாள் கவலை. பகலில் ஒளிவது, இரவில் மேய்வது, மழைக்குப் பின் பெருகுவது என்று அதன் போக்கு முழுவதும் இந்த ஒரு கவலையிலிருந்து வருவதுதான். அதைத் தடுக்கும் வழிகளும் அங்கிருந்தே பிறக்கின்றன.

நம் பக்கம் போன்ற வறண்ட நிலத்தையும் தாங்கி வாழக்கூடிய ஓர் இனம் உண்டு. கருமை அல்லது கரும்பழுப்பு நிறம், தட்டையான தோல்போன்ற முதுகு, அதன் நடுவே தலையிலிருந்து வால்வரை வெளிறிய ஒரு கோடு, அடியில் உடலின் அகலத்தில் சிறு பங்கே உள்ள ஒடுங்கிய கால் ஆகியவை அதன் அடையாளங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து வெப்ப நாடுகளில் பரவியது. சுருண்டு கிடக்கும்போது காய்ந்த புளியங்கொட்டைக் கொத்துப் போலவும், நீளும்போது நடுவிரலைவிட நீளமாகவும் இருக்கும். ஒருநாள் இரவு டார்ச் வெளிச்சத்தில் கொடிப்பசலை இலை ஒன்றைத் திருப்பிப் பார்த்தபோது, இலையின் அடிப்புறத்தில் இது ஒட்டியிருந்தது. வெளிச்சம் பட்டதும் இரண்டு உணர்கொம்புகளும் மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டன. அது இருந்த இடத்தில் இலையின் சதை அரத்தால் ராவியது போல் மெலிந்து, வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது. நத்தையின் நாக்கில் நுண்ணிய பற்கள் வரிசை வரிசையாக இருப்பதால் அது இலையைக் கடிப்பதில்லை, ராவுகிறது. துளையின் விளிம்பு ஒழுங்கற்று, ஆனால் வழவழப்பாக இருப்பது அதனால்தான்.

ஓடுள்ளவற்றில் மிகப் பெரிய தொல்லை ஆப்பிரிக்கப் பெருநத்தை. 1847இல் பென்சன் என்ற ஆங்கிலேய நத்தை ஆய்வாளர் மொரீசியசிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விட்டதிலிருந்து இந்தியாவில் இது பரவத் தொடங்கியது. கூம்பிய ஓட்டில் பழுப்புக் கோடுகள் இருக்கும். முற்றியது உள்ளங்கை நீளத்தையும் தாண்டும். பப்பாளிக் கன்று, முருங்கைத் துளிர், வாழை, காய்கறி என்று வேறுபாடின்றித் தின்னும். ஓட்டை வளர்க்கச் சுண்ணாம்புச் சத்துத் தேவைப்படுவதால் சுவரின் சுண்ணாம்புப் பூச்சையும் சுரண்டும். வெயில் காலத்தில் ஓட்டின் வாயை மூடி மாதக்கணக்கில் உறங்கிவிட்டு, முதல் நல்ல மழையில் எழுந்து வரும்.

இரண்டுமே இருபாலுயிரிகள். ஆகவே முட்டையிடாத ஆண் என்று ஒன்று இவற்றில் இல்லை. நீங்கள் எடுக்கும் ஒவ்வொன்றும் ஒரு தாய்.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்

இலையில் துளை விழுந்தால் உடனே நத்தை என்று முடிவு கட்ட வேண்டாம். புழு தின்றிருந்தால் இலையிலோ அதன் கீழோ கருமிளகு போன்ற எச்சம் இருக்கும்; வெட்டுக்கிளி பெரும்பாலும் விளிம்பிலிருந்து தின்னும், பகலிலேயே கண்ணில் படும். நத்தைக்குச் சாட்சி அந்த வெள்ளித் தடம். ஐயம் தீரவில்லை என்றால், இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து டார்ச்சுடன் ஒருமுறை சுற்றி வாருங்கள். அந்த ஒரு சுற்றில் எந்தச் செடிக்கு எத்தனை வந்திருக்கின்றன, எந்த மூலையிலிருந்து வருகின்றன என்பது தெரிந்துவிடும். நான் பார்த்தவரை கத்திரி, மிளகாய் நாற்றுகள், கீரைகள், துலுக்கச் சாமந்தி, பப்பாளிக் கன்று ஆகியவற்றைத்தான் முதலில் தேடிப் போகின்றன. தண்டு முற்றிய செடிகளுக்கு ஆபத்து குறைவு. நம் உழைப்பு முழுவதையும் நாற்றுப் பருவத்தின் முதல் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒதுக்கினால் போதும்.

தண்ணீரும் மூடாக்கும்

இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் தெருவெல்லாம் காய்ந்து கிடக்க, ஊரில் ஈரமுள்ள இடம் என்றால் அது நாம் தண்ணீர் ஊற்றும் பாத்தியும் தொட்டியும்தான். சுற்றுவட்டாரத்து நத்தைகள் எல்லாம் நம் வீட்டைத் தேடி வருவது இதனால்தான். கோடையில் கூட எங்கள் தோட்டத்தில் நத்தை ஏன் இருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். அவர்கள் மாலையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டிய முதல் மாற்றம், தண்ணீர் ஊற்றும் நேரத்தை மாலையிலிருந்து விடியற்காலைக்கு மாற்றுவது. காலையில் ஊற்றிய நீரை வேர் எடுத்துக்கொள்ளும். மேல்மண் பொழுது சாய்வதற்குள் காய்ந்துவிடும். இரவில் ஊர்ந்து வரும் நத்தைக்கு வறண்ட மணல்தான் கிடைக்கும். ஈர மண்ணில் வழுக்கிக்கொண்டு போகும் நத்தை, காய்ந்த மணலில் தன் கோழையைச் செலவழித்துத்தான் நகர வேண்டியிருக்கும். வாளியால் பாத்தி முழுவதும் வீசி ஊற்றாமல், செடியின் தூரில் மட்டும் ஊற்றுங்கள். சொட்டுநீர்க் குழாய் வைத்திருப்பவர்களுக்கு இது எளிது. இல்லாதவர்கள், அடியில் சிறு துளையிட்டுத் திரி செருகிய மண் கலயத்தைச் செடிக்குப் பக்கத்தில் புதைத்து, அதில் நீர் நிரப்பி வைக்கலாம். கடும் வெயிலில் மாலையில் ஊற்றியே தீர வேண்டும் என்ற நிலை வந்தால், நான்கு மணிக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

மண் காயாமலிருக்கத் தென்னை மட்டை, சருகு பரப்பி மூடும் மூடாக்கு விஷயத்தில்தான் எனக்கு நெடுநாள் குழப்பம் இருந்தது. நம் மணலில் மூடாக்கு இல்லாமல் பங்குனி, சித்திரையைக் கடத்த முடியாது. ஆனால் அதே தென்னை மட்டையும் சருகும் மழைக்காலத்தில் நத்தைக்கு வீடாகிவிடுகின்றன. இப்போது நான் செய்வது இது: புரட்டாசி கடைசி வாரத்தில், பருவமழை இறங்கும் முன்பே, பாத்தியில் உள்ள மூடாக்கு முழுவதையும் வாரி எடுத்து வேலியோரம் வெயிலில் விரித்துவிடுகிறேன். பெரிய செடிகளுக்கு வேண்டுமென்றால் தூரிலிருந்து ஒரு முழம் தள்ளி வட்டமாக வைக்கிறேன். தை பிறந்து மண் வெளுக்கத் தொடங்கியதும் மறுபடி பரப்புகிறேன். மூடாக்கை வாரும் அந்தப் புரட்டாசி வாரத்திலேயே தோட்டத்து மூலைகளில் கிடக்கும் உடைந்த ஓடு, பழைய வலை, சாய்த்து வைத்த பலகை, ஈரச் சாக்கு, மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் தொட்டிகள் ஆகிய எல்லாவற்றையும் நகர்த்திப் பார்க்க வேண்டும். தொட்டிகளை மூன்று செங்கல் மீது ஏற்றி வைத்தால் அடியில் காற்றோடும், நத்தை தங்காது. பழைய மீன்வலைச் சுருள்களை நம் ஊர்களில் வேலியோரம் போட்டுவைப்பது வழக்கம். பனிக்கால ஈரத்தைப் பிடித்துவைக்கும் அந்த வலைக்குள் ஒருமுறை முப்பதுக்கும் மேல் எண்ணினேன்.

பொறி வைத்துப் பொறுக்குதல்

எந்த மருந்தைவிடவும் எனக்குப் பலன் தந்தது இதுதான். செலவும் இல்லை. மாலையில் ஒரு பழைய சணல் சாக்கை நனைத்துப் பிழிந்து, பாத்திக்கு அருகே மண்மீது விரியுங்கள். அதன் கீழே பப்பாளி இலை, பப்பாளித் தண்டுத் துண்டு, முட்டைக்கோசின் வெளியிலை, கனிந்த பப்பாளித் தோல் ஆகியவற்றில் கிடைத்ததை வையுங்கள். விடிந்ததும், அதாவது வெளிச்சம் வந்தும் வெயில் ஏறாத நேரத்தில், சாக்கைப் புரட்டினால் இரவு மேய்ந்தவை பகலைக் கழிக்க அங்கே ஒதுங்கியிருக்கும். சாக்கு இல்லாதவர்கள் தேங்காய்ச் சிரட்டையில் ஓரத்தைச் சிறிது உடைத்து வாசல் வைத்துக் கவிழ்க்கலாம். உள்ளே ஈரமான கோசிலை ஒரு துண்டு போதும். நாற்றங்காலுக்கு நாலு பக்கமும் நாலு சிரட்டை என்ற கணக்கில் வைத்தால், மழை நாள்களில் தினமும் பத்து பதினைந்து அகப்படும். ஒரு வாரத்தில் அந்த எண்ணிக்கை விழுவதைக் கண்கூடாகக் காணலாம். ஆனால் பொறியை வைத்துவிட்டு மறந்துவிட்டால், நத்தைக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும். காலையில் திருப்பிப் பார்க்க இயலாத நாளில் பொறி வைக்காதீர்கள்.

கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து ரொட்டி ஈஸ்ட் சிறிது கலந்து, அகலமான சிறு கிண்ணத்தில் ஊற்றி, விளிம்பு மண்ணிலிருந்து ஒரு விரல் உயரம் இருக்கும்படி புதைத்து வைப்பதும் ஒரு வழி. புளிக்கும் மாவின் மணத்துக்கு நத்தைகள் வந்து விழும். விளிம்பை மண்மட்டத்துக்கே இறக்கினால் தரையில் ஓடும் நல்ல வண்டுகளும் விழுந்துவிடும் என்பதால் அந்த ஒரு விரல் இடைவெளி முக்கியம். மழை பெய்தால் கரைசல் வழிந்துவிடும். பனை ஓலைத் துண்டைக் கூரையாகச் சாய்த்து வையுங்கள்.

பொறுக்கும்போது வெறுங்கையால் தொட வேண்டாம். எலியிலிருந்து நத்தைக்கு வந்து, நத்தையிலிருந்து மனிதருக்குத் தொற்றி மூளையுறையைத் தாக்கக்கூடிய நுண்புழு ஒன்று உண்டு; ஓடுள்ள பெருநத்தையும் ஓடில்லாததும் அதைச் சுமக்கக்கூடும். பழைய இடுக்கியோ கையுறையோ போதும். பிள்ளைகளை இந்த வேலையில் விடாதீர்கள். மழைக்காலத்தில் பறித்த கீரையை இலை இலையாக ஓடும் நீரில் அலசி, வேகவைத்தே உண்ணுங்கள். பச்சையாக உண்ணும் கொத்தமல்லி, புதினா ஆகியவற்றை இரண்டு மடங்கு கவனத்துடன் கழுவுங்கள்.

பொறுக்கியவற்றைச் சலவைத்தூள் கரைத்த நீருள்ள வாளியில் போட்டு மூடி வைத்துவிடலாம். பெருநத்தைகளுக்குக் கொதிநீரே விரைவானது; நெடுநேரம் துடிக்கவிடாமல் முடித்துவிடும். பின்னர் செடிகளிலிருந்து தள்ளி ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். உயிரோடு வேலிக்கு அப்பால் எறிவதால் பயனில்லை. அடுத்த மழை இரவில் திரும்பி வரும், அல்லது பக்கத்து வீட்டுக்குப் போகும்.

தடுப்பு என்று சொல்லப்படுபவை

முட்டை ஓடு, நொறுக்கிய சிப்பி, கரடுமுரடான மணல் ஆகியவற்றைச் செடியைச் சுற்றிப் போட்டால் நத்தை தாண்டாது என்று பரவலாகச் சொல்கிறார்கள். கடற்கரையில் சிப்பி அள்ள அள்ளக் கிடைப்பதால் நானும் இரண்டு பருவம் நம்பிப் போட்டேன். கோழையைப் பரப்பிக்கொண்டு நத்தை அதன் மீதே நிதானமாக ஊர்ந்து போவதை நேரில் பார்த்த பிறகு விட்டுவிட்டேன். பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் செம்புப் பட்டை, முட்டை ஓடு, பருமணல், மரப்பட்டைத் தூள், கம்பளி உருண்டை ஆகிய ஐந்தையும் லெட்யூஸ் கீரைச் செடிகளைச் சுற்றி வைத்துச் சோதித்து, இவை எதுவும் சேதத்தைக் குறைக்கவில்லை என்று 2018இல் அறிவித்தது. அது அவர்கள் நாட்டு நத்தை, அவர்கள் நாட்டு மழை என்றாலும், என் அனுபவமும் அதையே சொல்கிறது.

அடுப்புச் சாம்பல் காய்ந்திருக்கும் வரை ஓரளவு தடுக்கும். ஒரு தூறல் போதும், அது பயனற்றுப் போக. சாம்பலையும் சுண்ணாம்பையும் திரும்பத் திரும்பப் போடுவதில் வேறொரு கேடு உண்டு. இரண்டும் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டுபவை. சிப்பித் துகளும் முருகைக்கல் தூளும் கலந்த நம் மண் பல இடங்களில் ஏற்கெனவே காரமானது. மேலும் கூட்டினால் இரும்புச் சத்து கிடைக்காமல் செடி வெளுத்துப்போகும்.

மெய்யாகவே பலனுள்ள தடுப்பு, நாற்றைத் தரையிலிருந்து உயர்த்துவதுதான். குழித்தட்டில் விதைத்து, இடுப்பளவு உயரமுள்ள மேசை மீது வைத்து வளர்த்து, தண்டு பென்சில் பருமனை நெருங்கியதும் மண்ணில் நடுங்கள். நட்ட பின்னும் முதல் பத்து நாள், அடியும் மேற்புறமும் வெட்டிய தண்ணீர்ப் பாட்டிலை வளையமாகச் செடியைச் சுற்றி இரண்டு விரல் ஆழம் மண்ணில் அழுத்தி வைக்கலாம். வளையத்துக்குள் நத்தை ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்த வேண்டும்.

குருணை மருந்து

கடைகளில் நத்தைக்கொல்லி என்று கேட்டால் பெரும்பாலும் மெட்டால்டிஹைடு குருணையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அது வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் நத்தையை இழுக்கத் தவிடு போன்ற இரையோடு சேர்த்துச் செய்யப்படுவதால் நாயும் கோழியும் அதைத் தின்றுவிடும். நாய்க்குச் சிறு அளவே உயிருக்கு ஆபத்து. நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு கோழி மேய்கிறது, கொல்லைக்கு மயில் வருகிறது. பிரிட்டனில் பறவைகளுக்கும் வனவிலங்குகளுக்கும் கேடு என்று 2022 மார்ச் மாதக் கடைசியோடு இதை வெளியிடங்களில் பயன்படுத்தவே தடை விதித்துவிட்டார்கள். வீட்டுத் தோட்டத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மருந்து வைத்தே ஆக வேண்டும் என்ற அளவுக்குப் பெருகிவிட்டால் இரும்பு பாஸ்பேட் குருணையைத் தேடி வாங்குங்கள். இதைத் தின்ற நத்தை உடனே சாகாது. மேய்வதை நிறுத்திவிட்டு மறைவிடத்துக்குப் போய்ச் சில நாளில் செத்துவிடும். காலையில் பிணம் கிடைக்காததைக் கண்டு மருந்து பலிக்கவில்லை என்று பலர் மேலும் மேலும் கொட்டுகிறார்கள். இலையில் புதுத் துளை விழுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். குவியலாக வைக்காமல், உறையில் சொல்லியுள்ள அளவுக்கு மிகாமல், மாலையில் மெல்லியதாகத் தூவுங்கள்.

துணைக்கு வருபவை

செம்போத்து நத்தையை விரும்பித் தின்னும் பறவை; வேலியில் புதர் கொஞ்சம் விட்டுவைத்தால் தங்கும். தேரை இரவெல்லாம் தோட்டத்தில் சுற்றிச் சிறு நத்தைகளை எடுக்கும், அதை விரட்டாதீர்கள். வாத்து வளர்க்க இடமுள்ளவர்களுக்கு அதைவிட நல்ல காவல் இல்லை. கோழி நத்தைக் குஞ்சையும் முட்டையையும் கொத்தும் என்றாலும் நாற்றையும் சேர்த்துக் கிளறிவிடும் என்பதால், பாத்தி வெறுமையாக இருக்கும் நாள்களில் மட்டும் உள்ளே விடலாம்.

வெளியிலிருந்து வருவதைத் தடுத்தல்

எங்கள் தோட்டத்துக்குப் பெருநத்தை வந்தது, வெளியூர் நாற்றுப்பண்ணை ஒன்றில் வாங்கிய குரோட்டன்ஸ் பையோடு. பையின் மண்ணை உதிர்த்துப் பார்க்காமல் நட்டது என் தவறு. மண்ணுக்குள் முட்டை இருந்திருக்கிறது. தங்கச்சிமடம் மல்லிகை நாற்று நாடெங்கும் போகிறது. அதுபோல வேறு ஊர்களிலிருந்து நமக்கும் செடிகள் வந்துகொண்டே இருக்கின்றன. எங்கிருந்து வந்தாலும், நடுவதற்கு முன் பையின் அடித்துளையையும் ஓரத்தையும் பாருங்கள். ஒரு வாரம் தனியே, தரையில் படாமல் வைத்து, இரவில் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நடுங்கள். தொழுவுரம் வாங்கினாலும் சாக்கில் வைத்தபடியே விடாமல், வெயிலில் மெல்லியதாகப் பரப்பிக் காயவிட்டுப் போடுவது நல்லது.

பெருநத்தையின் முட்டை மிளகைவிடச் சற்றுப் பெரிதாக, இளமஞ்சள் கலந்த வெண்மையில் கொத்தாக இருக்கும். ஒரு கொத்தில் நூறுக்கு மேல் காணலாம். ஓடில்லா நத்தையின் முட்டைகள் கண்ணாடி மணிபோல் ஒளி ஊடுருவக்கூடியவை, மாலைபோல் ஒன்றோடொன்று இணைந்து சுருண்டிருக்கும். கார்த்திகை, மார்கழியில் களை எடுக்கும்போது மேல்மண்ணை நாலு விரல் ஆழம் மெல்லக் கிளறினால் இவை கண்ணில் படும். எடுத்து ஒரு தகரத்தின் மீது உச்சிவெயிலில் பரப்பிவிட்டால் மாலைக்குள் வற்றிப்போகும். தை வெயில் ஏறியதும் பாத்திகளை ஒருமுறை கொத்திப் புரட்டி நாலைந்து நாள் காயவிட்டு, அதன் பிறகு வேலியோரம் உலர்ந்து கிடக்கும் மூடாக்கை உதறிப் பார்த்துத் திரும்பக் கொண்டுவந்து பரப்புங்கள்.